பெயர் உறுதி செய்யப்படவில்லை

திண்டிவனத்தில் அரங்கநாதன் மோட்டார்ஸுக்கு ஃபோன் போட்டால் எட்டு வருஷமாக ஒரே குரல்தான் எடுக்கும். வணக்கம், குட்மார்னிங் எதுவும் கிடையாது. "சொல்லுங்க" என்று மட்டும் சொல்லும். எதிர்ப்பக்கம் இரண்டு வார்த்தை பேசி முடிப்பதற்குள், "யாரு, வானூர் ரெட்டப் பனமரத்து வூடா? மோட்டரு ஓடுது, தண்ணி ஏறலையா? மூணு ஃபேஸும் வருதான்னு பாத்தீங்களா?" என்று அந்தக் குரல் வேலையை ஆரம்பித்துவிடும். பேசுகிறவருக்குப் பாதிக் கவலை அங்கேயே போய்விடும்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி தேவயானி. பன்னிரண்டாம் வகுப்பும் டைப்ரைட்டிங்கும் படித்தவள். அவள் அங்கே வந்து உட்கார்ந்தது படிப்பால் அல்ல, புருஷன் சக்கரபாணியின் காலால். அந்தக் கடையில் அவன்தான் பெரிய மெக்கானிக்காக இருந்தான். வானூர்ப் பக்கம் ஒரு போர்வெல்லில் இருந்து மோட்டாரை மேலே இழுக்கும்போது சங்கிலி நழுவி, இருபது அடிக் குழாய் அவன் முழங்கால்மேல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் வந்து பார்த்த முதலாளி அரங்கநாதன், "உன் சம்சாரத்த ஆபீசுல ஃபோன் எடுக்க அனுப்பு" என்றார். ஒரு கால் போனதற்கு நாலு கால் உள்ள நாற்காலி கொடுத்தார் முதலாளி என்று சக்கரபாணி சிரிக்காமல் சொல்வான். அவன் இப்போது வீட்டில் உட்கார்ந்தபடி டேபிள் ஃபேன்களுக்குக் காயில் சுற்றுகிறான். மகள் காயத்ரி பிளஸ் ஒன் படிக்கிறாள். அந்த மூன்று பேரும் உட்கார்ந்திருந்தது அந்த ஒரு நாற்காலியில்தான்.

மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர். அதில் கஸ்டமர் விவரம் வைக்க ஒரு சாஃப்ட்வேர், புதுச்சேரிக்காரர் ஒருவர் எழுதிக்கொடுத்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. பெயர், ஊர், ஃபோன் நம்பர், மோட்டார் என்ன, எப்போது வாங்கியது, இவ்வளவுதான். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. எழுதியவர் அதை எதற்காக வைத்தாரோ தெரியாது, தேவயானி அதற்குள் ஒரு தாலுகாவையே குடிவைத்திருந்தாள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி வைத்திருப்பாள். 'அம்மாவுக்குக் காது கேக்காது, மருமவகிட்ட பேசு.' 'நாய் இருக்குது, மெக்கானிக் வாசல்ல நின்னு கூப்புடணும்.' 'பெரியவரு செத்துட்டாரு, பேரச் சொல்லிக் கேக்காத.' 'அண்ணன் தம்பிக்குள்ள ஆவாது, ரெண்டு பேருக்கும் ஒரே மெக்கானிக்க அனுப்பாத.'

ஃபோன் பண்ணுகிறவர்களில் பாதிக்கு மேல் பொம்பளைகள். மோட்டார் நின்றுபோவதை முதலில் பார்ப்பது அவர்கள்தான், பயிர்க் கொல்லையில் நிற்பவர்கள் அவர்கள்தானே. வீட்டில் இருக்கும் ஒரு செல்போனும் ஆம்பளை சட்டைப் பையில் சந்தைக்கோ பாண்டிக்கோ போயிருக்கும். இவர்கள் பக்கத்து வீட்டுச் செல்லிலிருந்தோ, பெட்டிக்கடையில் தொங்கும் ஒரு ரூபாய் ஃபோனிலிருந்தோ பேசுவார்கள். யார் பேரில் மோட்டார் என்று கேட்டால் பதில் வராது. புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அந்தப் பக்கத்து மூத்த பொம்பளைகளுக்கு இல்லை. ரேஷன் கடையில் கார்டை நீட்டிவிட்டு நிற்பார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டுப் போடும் இடத்தில் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார்கள். ஃபோனில் கார்டை நீட்ட முடியாது. "எங்க வூட்டுக்காரரு", "பெரியவன் அப்பா", "அவுருதான்". இதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். தேவயானி கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்கு அது கஷ்டமாகவே தோன்றியதில்லை, ஏனென்றால் அவளும் அப்படித்தான். பதினெட்டு வருஷத்தில் 'காயத்ரி அப்பா' என்பதைத் தாண்டி அவள் வாயில் வேறு வந்ததில்லை.

2009 பொங்கல் கழிந்த வாரம் விழுப்புரம் கிளையிலிருந்து சந்தோஷ் வந்தான். முதலாளியின் தங்கை மகன், சென்னையில் படித்தவன், அந்தக் கிளையைப் பார்த்துக்கொள்கிறவன். கையில் சாஃப்ட்வேரின் புது வெர்ஷன் இருந்தது. நல்ல பையன்தான், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. கெட்ட எண்ணம் இல்லாதவர்கள் செய்கிற வேலைதான் கேட்க ஆளில்லாமல் போய்விடுகிறது.

"மாமா, ஃபோன் வந்தவுடனே ஸ்க்ரீன்ல யாருன்னு வந்துடும். கம்ப்ளெயிண்ட் போட்டா மெக்கானிக் செல்லுக்கு எஸ்எம்எஸ் போயிடும். பேசுறதெல்லாம் ரெக்கார்டு ஆவும். விழுப்புரம், திண்டிவனம் ரெண்டுக்கும் ஒரே நம்பர், ஒரே ஆளு போதும்."

"ஒரே ஆளா?" என்றார் அரங்கநாதன். தேவயானி பக்கம் திரும்பாமல்தான் கேட்டார்.

"அங்க சங்கவின்னு ஒரு பொண்ணு இருக்குது, பிசிஏ. இங்க மேடம் இருக்காங்க. ரெண்டு மாசம் ஓட்டிப் பாப்போம். புதுசுல யாருக்குக் கை நல்லா ஓடுதோ அவுங்க இருக்கட்டும்."

அரங்கநாதன் பழைய ஆள். மோட்டாரை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்காமல் விற்கமாட்டார். "வாங்குறதுக்கு முன்ன டெஸ்டு பண்ணணும்டா. எட்டு வருசமா ஓட்டுறவ அவ. தேவயானி, பதினஞ்சு நாளு நீ ஓட்டிப் பாரு. சரியா இருக்குதா, இல்லையா, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. உன் கையெழுத்து இல்லாம நான் வாங்கப் போறதில்ல" என்றார்.

அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நல்லா இல்லை என்று எழுதினால், புதுசு கற்றுக்கொள்ளத் தெரியாதவள், நாற்காலிக்குப் பயந்து எழுதுகிறாள் என்பார்கள். நல்லா இருக்கிறது என்று எழுதினால், ஒரே ஆள் போதும் என்று அவளே கையெழுத்துப் போட்ட மாதிரி. இரண்டாவதிலாவது அந்த ஒரு ஆள் தானாக இருக்க வழி இருந்தது.

அன்றைக்குக் கேப்பைக்களியும், மரக்காணத்துக்காரி கொண்டுவந்த கருவாட்டில் வைத்த குழம்பும். சக்கரபாணி மடங்காத காலை ஓரமாக நீட்டிக்கொண்டு சாப்பிட்டான்.

"நல்லா இருந்தா நல்லா இருக்குதுன்னு எழுது, இல்லன்னா இல்லன்னு எழுது. இதுக்குப் போயி ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்கற? நான் எத்தினி மோட்டரு டெஸ்டு எழுதிக் குடுத்திருக்கேன், ஒண்ணுலகூட பொய் எழுதினதில்ல."

"உங்களுக்கென்னா, நாற்காலி போயிடும்ன்ற பயமா இருந்துது?"

"எனக்குக் காலே போச்சு."

"அதத்தான் சொல்றேன். இது போனா காயத்ரி படிப்பு என்னாத்துக்கு ஆவறது? உங்க அண்ணன் வந்து பாப்பாரா?"

அண்ணன் பேச்சு வந்ததும் அவன் தட்டைத் தள்ளினான். அண்ணன் வெங்கடாசலம் திருவக்கரைக்குப் போகும் வழியில் எலவம்பட்டில் பயிர் வைக்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கூழ் ஊற்றுகிற அன்றைக்கு, பத்துப் பேர் நடுவில், "காலில்லாதவனுக்குக் கொல்ல எதுக்கு, நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். உதவியாகச் சொன்னாரோ, ஆசையில் சொன்னாரோ, சொன்ன வார்த்தை அதுதான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

டெஸ்ட் காகிதத்தில் இருபத்திரண்டு வரி இருந்தது. ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து 'சரி', 'இல்லை' போட வேண்டும். முதல் வாரத்திலேயே பதின்மூன்று வரி முடிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் புதுசு நன்றாகவே இருந்தது. வேகம், எழுத்து தெளிவு, மெக்கானிக் எங்கே போயிருக்கிறான் என்றுகூடத் தெரிந்தது. அவளுடைய குறிப்புகள் மட்டும் 'பழைய தகவல்' என்று எங்கோ உள்ளே போய் ஒளிந்துகொண்டன. நாலு தடவை தட்டினால் வரும். அதற்கும் 'சரி' போட்டாள்.

பதினான்காவது வரி, 'வேறு எண்ணிலிருந்து அழைப்பு: பெயர் சரிபார்ப்பு.' பதிவு செய்த நம்பரிலிருந்து ஃபோன் வந்தால் கேள்வி இல்லை. வேறு நம்பர் என்றால், பேசுகிறவர் வீட்டு ஆளாக இருக்க வேண்டும், மோட்டார் யார் பேரில் இருக்கிறதோ அந்தப் பேரை அவர் வாயால் சொல்ல வேண்டும். எடுக்கிறவர் எடுத்துக்கொடுக்கக் கூடாது. பேர் சரியாக வந்தால்தான் கம்ப்ளெயிண்ட் போடும் பக்கமே திறக்கும். போன வருஷம் ஒருத்தன் அடுத்தவன் வாரண்டியில் தன் மோட்டாரைச் சரிபண்ணிக்கொண்டான். அதனால்தான் இந்த ஏற்பாடு, அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

டெஸ்டுக்கு யாரையாவது தொந்தரவு பண்ணுவானேன் என்று தேவயானி தன் வீட்டு மோட்டாரையே எடுத்துக்கொண்டாள். கடையின் இன்னொரு ஃபோனிலிருந்து புது நம்பருக்குப் போட்டாள். விழுப்புரத்தில் சங்கவி எடுத்தாள். இதமான குரல்.

"வணக்கம், அரங்கநாதன் மோட்டார்ஸ். மோட்டார் யார் பேர்ல இருக்குதுங்க?"

தேவயானி வாயைத் திறந்தாள்.

"ஹலோ, பதிவு பண்ண பேரச் சொல்லுங்கம்மா."

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். கல்லாவில் முதலாளி. பித்தளை வால்வு பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கஸ்டமர். மெக்கானிக் வல்லரசு, சக்கரபாணியிடம் தொழில் கற்றவன், இப்போது நாற்பதைத் தொடுகிறவன், ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஆறே எழுத்து, ஒரு பேர்தான். தினமும் எத்தனையோ பேரின் பேரைச் சொல்கிறவள்தான். நாக்கு புரளவில்லை.

"வல்லரசு, இந்தா, இத்த கொஞ்சம் சொல்லேன்" என்று ரிசீவரை நீட்டினாள்.

அவனுக்கு உடனே புரிந்தது. "சக்கரபாணி" என்றான். வீட்டு ஆளா என்றதற்கு "ஆமாம்" என்றான். "நன்றிங்க, கம்ப்ளெயிண்ட் பதிவாயிடுச்சு" என்றாள் சங்கவி.

அடுத்த நிமிஷம் சந்தோஷ் கூப்பிட்டான். "என்ன மேடம், நடுவுல ஆம்பள குரல் வந்துது? ஏதாவது ப்ராப்ளமா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இந்த வரி எங்கள் பக்கம் ஓடாது சார், பொம்பளைங்க பேர் சொல்ல மாட்டார்கள், நானே சொல்லமாட்டேன் என்று ஒரே மூச்சில் முடிந்திருக்கும். ஆனால் எதிரில் இருப்பது பிசிஏ படித்த பெண், அந்தப் பெண்ணோடு இவளுக்குப் போட்டி. புருஷன் பேரைச் சொல்லக் கூச்சப்படுகிறவளை எந்த ஆபீஸ் வைத்துக்கொள்ளும்?

"ஒண்ணுமில்ல சார், தொண்ட கட்டிக்கினு இருக்குது" என்றாள்.

பதினான்காவது வரியில் 'சரி' போட்டாள். கடைசியில் 'குறைகள்' என்று இருந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அரங்கநாதன் அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் புதுசை வாங்கினார்.

மாசி முதல் தேதியிலிருந்து எல்லா அழைப்பும் முதலில் சங்கவிக்குப் போயின. அவள் பதிவு போட்ட பிறகு திண்டிவனத்து வேலைகள் தேவயானி திரைக்கு வரும். பத்து நாளில் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. "பாத்தியா, கம்ப்ளெயிண்டே வர்றதில்ல. நம்ம மோட்டருக்கு அவ்ளோ தரம்" என்று அரங்கநாதன் வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். தேவயானிக்கு நம்பிக்கை வரவில்லை. வெயில் ஏறுகிற மாசம், மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்குத் தண்ணீர் கட்டுகிற மாசம், மோட்டார் நிற்காமல் இருக்குமா? அவள் யாரையும் கேட்கவில்லை.

மாசிக் கடைசியில் ஒரு காலை, வல்லரசு வண்டியை நிறுத்திவிட்டு நேரே அவள் மேசைக்கு வந்தான்.

"யக்கா, நேத்து திருவக்கர பக்கம் ஒரு வேல. உங்க மூத்தாரு கொல்ல வழியாத்தான் போனேன். மோட்டரு ஓடல போலகீது. மல்லாட்ட சுருண்டுபோயி நிக்கிது. உங்களுக்குத் தெரியாதா?"

"எத்தினி நாளா?"

"பதினாறு நாளாம். அவுரு பாண்டி ஆஸ்பத்திரில வயித்து ஆப்பரேசன் பண்ணிக்கினு இருக்காரு, மவன் கூட இருக்கறான். அந்தம்மா ஒண்டியாத்தான் இருக்குது. கம்பெனிக்கு ஃபோன் பண்ணேன், யாரும் வர்லன்னுச்சு."

தேவயானி திரையில் தேடினாள். வெங்கடாசலம், எலவம்பட்டு, ஐந்து குதிரைசக்தி, வாரண்டி இன்னும் எட்டு மாசம். கம்ப்ளெயிண்ட் எதுவும் இல்லை. வேலைப் பட்டியலில் இல்லை, காத்திருப்பில் இல்லை. யாரும் கூப்பிடவே இல்லை என்றது திரை. அவள் எழுந்து, முதலாளியிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, வல்லரசின் வண்டியில் ஏறினாள்.

மயிலம் தாண்டி உள்ளே திரும்பியதும் செம்மண். பதினோரு மணிக்கே கண்ணைத் திறக்க முடியாத வெயில். இரண்டு பக்கமும் மற்றவர்கள் கொல்லைகளில் மல்லாட்டை பச்சைப்பசேலென்று தரையை மூடி நின்றது. வெங்கடாசலத்தின் ரெண்டு காணி மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது. செடி இலைகளை மடித்துக்கொண்டு குறுகி நின்றது. அவர் சம்சாரம் தையல்நாயகி வரப்பில் நின்று மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். ஓரகத்தியைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே போடவில்லை, அறுப்பதையும் நிறுத்தவில்லை.

வல்லரசு மோட்டார் கொட்டகைக்குள் போனான். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தான். "ஸ்டார்ட்டர்ல நோவோல்ட் காயில் எரிஞ்சிருக்குது. வேற ஒண்ணுமில்ல. அரமணி வேல" என்றான். தையல்நாயகி அரிவாளோடு நிமிர்ந்தாள்.

"அரமணியா?"

"ஆமாம்மா. உள்ளூரு எலெக்ட்ரிசியனே போட்டிருப்பான்."

"அந்தப் பொட்டிக்கு சீலு இருக்குது. கம்பெனிக்காரன் தவுர யாரும் கை வைக்கக் கூடாதுன்னு அவுரு சொல்லிட்டுப் போனாரு. நான் எப்படி ஒடைக்கச் சொல்லுவேன்?"

வல்லரசு காயிலை மாற்ற உள்ளே போனான். தேவயானி வரப்பில் ஏறி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா."

"என்னா?"

"எனக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கக் கூடாதா? என் செல்லு நம்பரு உனக்குத் தெரியுமே."

"ரெண்டு வருசமா வாசப்படி மிதிக்காதவகிட்ட, என் மோட்டரு நின்னுபோச்சு வாடின்னு கேக்கணுமா? கம்பெனிக்குத்தானே பணம் கட்டினோம்? கம்பெனிக்குத்தான் பண்ணேன். ஒரு வாட்டி இல்ல, அஞ்சு வாட்டி."

"மாமாகிட்ட சொல்லியிருந்தா அவுரு செல்லுல இருந்தே..."

"வயித்தக் கிழிச்சிப் படுத்துக்கினு இருக்கற மனுசன்கிட்ட, கொல்ல காயுதுன்னு சொல்லச் சொல்றியா? மவன்கிட்ட சொன்னாலும் அவுரு காதுக்குத்தானே போவும்."

அவள் புல்கட்டைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினாள். பிடுங்குவதற்குப் பலம் தேவைப்பட்டது, மண் அப்படி இறுகியிருந்தது. செடியைத் தேவயானி முகத்துக்கு நேரே பிடித்தாள். கணுக்களிலிருந்து விழுது இறங்கியிருந்தது. மண்ணுக்குள் போனால்தான் அதன் முனையில் காய் பிடிக்கும். மண் கல்லாக இருந்ததால் ஒரு விழுதும் உள்ளே போகவில்லை. நூல் நூலாகக் காய்ந்து அந்தரத்தில் தொங்கியது.

"இப்ப தண்ணி உட்டா செடி தழைக்கும். காய் வருமா? நீயும் கொல்லக்காரன் வூட்டுப் பொண்ணுதான், சொல்லு."

தேவயானி ஒரு விழுதைத் தொட்டாள், அது ஒடிந்து கையோடு வந்தது.

"மொத வாட்டி ரோட்டுக் கடையில போயி காசு போட்டுப் பேசறேன். ஒரு பொண்ணு எடுக்குது. நல்லாத்தான் பேசுது. யாரு பேருல இருக்குதுன்னு கேட்டுது. எங்க வூட்டுக்காரரு பேருலன்னேன். பேரு சொல்லுங்கன்னுச்சு. எலவம்பட்டு, வேப்பமரத்துக் கொல்லன்னேன். பேரு சொல்லுங்கம்மான்னுச்சு. எனக்கு வெக்கமாப் போயி வெச்சிட்டேன். ரெண்டாவது வாட்டி என் பேரச் சொன்னேன். அது பதிவுல இல்லன்னுச்சு. மூணாவது வாட்டி கடக்காரன சொல்லச் சொன்னேன். சொன்னான். நீங்க யாருன்னு கேட்டுது. கடக்காரன்னான். வூட்டு ஆளுங்கதான் பேசணும்னுட்டுது."

"நாலாவது வாட்டி?"

"நாலாவது வாட்டி அழுவாச்சி வந்துது. சக்கரபாணியோட அண்ணன் பேருல இருக்குதும்மா, உங்க கம்பெனியிலதான் காலு ஒடிஞ்சான், அவன் பொண்டாட்டிகூட அங்கதான் இருக்கறான்னேன். நீங்க சொல்றது சரிதாம்மா, பேரு மட்டும் சொல்லுங்கன்னுச்சு."

கொட்டகைக்குள் மோட்டார் உறுமிச் சத்தம் எழுப்பியது. தொட்டியில் தண்ணீர் கொட்டுவது கேட்டது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அஞ்சாவது வாட்டி சொன்னேன்" என்றாள் தையல்நாயகி. குரல் இறங்கிவிட்டது. "கல்யாணம் ஆயி முப்பத்தொரு வருசம். திருப்பதி மலையில எல்லாரும் கோயிந்தா போடறப்பகூட அந்தப் பேரு என் வாயில வந்ததில்ல. கடையில பீடி வாங்கறவன், பஸ்சுக்கு நிக்கறவன், அத்தினி பேரும் பாத்துக்கினு இருக்கறான். முந்தானையால வாய மூடிக்கினு சொன்னேன். அந்தப் பொண்ணு, சரியா கேக்கலம்மா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்கன்னுச்சு."

"அப்புறம்?"

"வெச்சிட்டேன். காய்ஞ்சா காயட்டும்னு வந்துட்டேன்."

சற்று நேரம் அவள் கையிலிருந்த செடியின் விழுதுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"பேரு சொன்னாத்தான்னு வெச்சது யாரு? உங்க மொதலாளியா?"

"புது கம்ப்யூட்டருதான்க்கா."

"கம்ப்யூட்டருக்கு இது தெரியாது, சரி. அந்தப் பொண்ணு டவுன்ல பொறந்தது, அதுக்கும் தெரியாது. நீ அங்கதானே உக்காந்துக்கினு இருக்கற. உனக்குத் தெரியாதா? நீ சொல்லுவியா எங் கொழுந்தன் பேர?"

தேவயானி அழுதாள். அழுகை உண்மையானதுதான், ஆனால் அதைக் கொண்டு ஒரு விழுதும் மண்ணுக்குள் இறங்கப் போவதில்லை. தையல்நாயகி அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. புல்கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கடைசியாக ஒன்று சொன்னாள்.

"கொல்ல போனது போவட்டும், அடுத்த வருசம் வெப்போம். நான் பேரு சொன்னது யாருக்கும் தெரிய வாணாம். அவுரு காதுக்குப் போச்சுன்னா நான் எந்த மூஞ்சோட அவுரு எதுர்ல நிப்பேன்? கொழுந்தனுக்குக்கூடச் சொல்லாத."

"சொல்லமாட்டேன்க்கா."

பங்குனி பத்தாம் தேதி விழுப்புரத்தில் கூட்டம். ஸ்டேஷன் ரோட்டுக் கடையின் மாடியில் ஏசி போட்ட அறை. அரங்கநாதன், சந்தோஷ், இரண்டு கிளை மெக்கானிக்குகள், சங்கவி, தேவயானி. அன்றைக்குத்தான் நாற்காலி யாருக்கு என்று முடிவாக வேண்டும். முந்தின நாள் சக்கரபாணி, "நடந்தத அப்படியே சொல்லிடு. அந்த வரி தப்புன்னு சொல்லு. போனாப் போவுது, கூழக் குடிச்சாவது இருப்போம்" என்றிருந்தான். கொல்லை காய்ந்த கதையும், பேர் கேட்டு அண்ணியைத் திருப்பியனுப்பிய கதையும் அவனுக்குத் தெரியும். ஐந்தாவது தடவை மட்டும் தெரியாது. சொல்லிவிடுகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் அவள் பஸ் ஏறினாள். பஸ்ஸில் வாக்கியங்களைக்கூட அடுக்கி வைத்திருந்தாள்.

வடையும் காபியும் வந்தன. சந்தோஷ் லேப்டாப்பைத் திறந்தான்.

"எல்லாம் நல்லாத்தான் போவுது மாமா. ஒரே ஒரு இடம் மட்டும். 'பெயர் உறுதி செய்யப்படவில்லை'ன்னு நாப்பத்தி மூணு ஃபோன் கால் விழுந்திருக்குது, முக்கால்வாசி திண்டிவனம் பக்கம். இது வெர்ஷன்ல தப்பா, எடுத்த ஆளு பேசினதுல தப்பான்னு பாக்கணும். ரெக்கார்டிங் இருக்குது, நீங்களே கேளுங்க."

முதல் இரண்டு அழைப்புகள் சீக்கிரம் முடிந்தன. மூன்றாவதில் பஸ் ஹாரன் சத்தம். பிறகு சங்கவி குரல், பதிவு பண்ண பேரச் சொல்லுங்கம்மா. நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. யாரோ பீடி கேட்பது காதில் விழுந்தது. பிறகு, துணிக்குள்ளிருந்து வருகிற மாதிரி, மூச்சைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்கிற மாதிரி, "வெங்கடாசலம்."

"சரியா கேக்கலம்மா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

டொக்கென்று ஃபோன் வைக்கப்பட்டது. ஒரு மெக்கானிக் சிரித்தான். சந்தோஷும் சிரித்தான், "சாமி கும்புடற மாதிரியே சொல்றாங்க. இன்னொரு வாட்டி போடறேன் மாமா, நல்லாக் கேளுங்க" என்று திரும்பவும் போட்டான். அந்த அறையில் தையல்நாயகி இரண்டாவது முறை புருஷன் பேரைச் சொன்னாள்.

"யாரு இந்த அம்மா? மேடம், உங்க ஏரியாதான். குரல வெச்சே சொல்லுவீங்கன்னு மாமா சொல்லுவாரே."

எல்லோரும் தேவயானியைப் பார்த்தார்கள்.

"தெரியலிங்க சார்" என்றாள்.

அக்காவுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று அவள் பிறகு பல நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாக்கும் உண்மைதான். ஆனால் யாரென்று சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும், ஏன் என்று சொன்னால் பதினான்காவது வரி வரும், அதன் பக்கத்தில் அவள் போட்ட 'சரி' வரும். இதுவும் உண்மைதான்.

"அப்ப வெர்ஷன்ல ஏதாவது தப்பு இருக்குதா மேடம்? டெஸ்டு பண்ணது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

பஸ்ஸில் அடுக்கிய வாக்கியங்கள் அவளுக்கு ஞாபகம் இருந்தன. ஒன்றுகூட மறக்கவில்லை.

"வெர்ஷன்ல தப்பு இல்லிங்க சார்."

அரங்கநாதன் தலையை ஆட்டினார். "அப்ப பேசறதுலதான் கோளாறு. கிராமத்து ஜனங்க, கொஞ்சம் பதமாப் பேசணும். அதுக்கு அனுபவம் வேணும். தேவயானியே ரெண்டையும் பாத்துக்கட்டும்" என்றார். சங்கவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தேவயானியைப் பார்த்தாள், சொல்லவில்லை. அடுத்தது கூலிங் டவர் மோட்டார் பற்றிய பேச்சு ஆரம்பித்தது.

கூட்டம் முடிந்து கீழே வந்தபோது சங்கவி தன் மேசையைக் காலிபண்ணிக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸ், ஒரு சீப்பு, சின்னதாக ஒரு அம்மன் படம். எல்லாம் ஒரு கைப்பையில் அடங்கிவிட்டது. தலையில் மாட்டிக்கொண்டு பேசுகிற ஹெட்ஃபோனைத் துடைத்து, தேவயானியிடம் நீட்டினாள்.

"நாள் பூரா மாட்டிக்கினு இருந்தா காது வலிக்கும்க்கா. உள்ள கொஞ்சம் பஞ்சு வெச்சிக்குங்க" என்றாள்.

தேவயானி இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள்.